அப்பா அலசி அனுப்பிய மண்

என் அண்ணிக்குப் புயல் கிளப்புவதுதான் வேலை. கிண்டலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கிண்டல் பின்னால் வரும். தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். ஓர் ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் எஃகுத் தொட்டி இருக்கிறது. அதற்குள் தூசிப் புயல் ஒன்றைக் கிளப்பி, மிதக்கவிட்டு, வெளிச்சம் பாய்ச்சி அளந்து, சாயங்காலம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வீட்டுக்கு வருவாள். அங்கே அவளுக்குப் "புயல்" என்று பட்டப்பெயர். வீட்டிலும் அதே பெயர்தான், காரணம் வேறு.

புயலுக்கு வேண்டிய மண் எங்கெங்கோ இருக்கிற பாலைவனங்களிலிருந்து தபாலில் வரும். ஜாம் பாட்டிலில் வரும், மாத்திரை டப்பாவில் வரும், பழைய காலுறைக்குள் முடிச்சுப் போட்டுக்கூட வந்திருக்கிறது. ஒரு புண்ணியவான் முகப்பவுடர் டப்பாவைச் சரியாகத் தட்டாமல் அதிலேயே மண்ணை அடைத்து அனுப்பிவிட்டார். அந்தப் பாலைவனத்தில் இதுவரை யாரும் பார்க்காத வெள்ளைத் தாது கிடைத்துவிட்டது என்று எல்லோரும் கொஞ்ச நேரம் தலைகால் புரியாமல் இருந்தார்கள். பிறகு யாரோ டப்பாவை மோந்து பார்த்தார்கள். ரோஜா வாசனை அடித்தது.

வந்த மண்ணைச் சலித்து ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு உலுக்குவார்கள். மணல் மணலோடு மோதி, அதில் ஒட்டியிருக்கும் நுண்ணிய தூசி மேலே எழும். அதைக் காற்று தொட்டிக்குள் கொண்டுபோகும். கனமானது கீழே விழுந்துவிடும்; நிஜப் புயலில் நாடு தாண்டிப் போகிற பொடி மட்டும் மிதக்கும். தொட்டியின் ஒரு பக்கத்து ஜன்னலில் விளக்கு, எதிர்ப்பக்கத்து ஜன்னலில் கருவிகள். வந்த வெளிச்சத்தில் தூசி எவ்வளவைச் சிதறடித்தது, எவ்வளவை விழுங்கியது என்று அவை சொல்லும்.

இதில் என்ன பெரிய சங்கதி என்று நான் ஒரு தடவை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அண்ணி மறுநாளே கடைக்கு வந்து, சாதாரண லென்ஸ் ஒன்றையும் கூலிங் கிளாஸ் லென்ஸ் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே அளவு, ஒரே கனம். ஒண்ணு வெளிச்சத்த விடுது, இன்னொண்ணு தின்னுது. ஏன்?"

"இதுல சாயம் இருக்கு அண்ணி."

"எவ்வளவு?"

"கொஞ்சூண்டுதான்."

"தூசியும் அப்படித்தான். படிகமணல், சுண்ணாம்பு, களிமண்ணு, இதெல்லாம் வெளிச்சத்தத் தட்டித் தட்டி விட்டுடும். பெருசா எடுத்துக்காது. அதோட இரும்புத் தாது ஒரு சிட்டிகை சேர்ந்தா போதும். துரு நிறத்துல இருக்குமே, அதுதான். நீல வெளிச்சத்த முழுங்கிடும், மிச்சத்த நமக்குக் காட்டும். அதனாலதான் செவப்பாத் தெரியுது."

"தெரிஞ்சிட்டுப் போகட்டும். நமக்கென்ன?"

"வெளுத்த தூசி மேல படர்ந்தா வெயில வானத்துக்கே திருப்பி அனுப்பும். கீழ தரை கொஞ்சம் குளிரும். செவந்த தூசி அந்த வெயில தன்கிட்டயே வெச்சுக்கும். அது மிதக்குற காத்து சூடாகும். ரெண்டையும் தூசின்னு ஒரே பேர்ல சேத்துக் கணக்குப் போட்டா, வானிலைக்காரங்க கணக்கு என்ன ஆகும்?"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில் அந்தக் கூலிங் கிளாஸை வாங்கிக்கொண்டு போனார். எங்கள் முதலாளி அண்ணியை அடிக்கடி வரச்சொல்லி இன்றைக்கும் கேட்கிறார்.

அண்ணியின் சுத்தம் இந்தத் தொட்டியில் ஆரம்பித்ததுதான். ஒரு மண்ணை அளந்து முடித்ததும் தொட்டிக்குள் அவளே இறங்கி, மூலை முடுக்கெல்லாம் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒரு பாலைவனத்தின் சிவப்பு அடுத்த பாலைவனத்தோடு கலந்துவிட்டால் இரண்டு அளவும் குப்பைக்குப் போகும். இது ஆபீசோடு நின்றிருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. அண்ணி அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். என் அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பிள்ளைகளுக்கு விசில் அடித்து உத்தரவு போடுகிற மனுஷன், வீட்டு வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, துடைத்த தரை காய்ந்துவிட்டதா என்று அனுமதி கேட்டு நிற்பான். எங்கள் வீட்டு அலமாரியின் மேல்பக்கத்தை யாராவது விரலால் தடவிப் பார்த்தால் விரல்தான் சுத்தமாகும்.

இந்தச் சுத்தம்தான் எங்கள் அப்பாவிடம் போய் மோதியது.

அப்பா பாலைவன ஓரத்து ஊர் ஒன்றில் சாலைத் துறை டிரைவராக இருந்தவர். காற்று சாலையில் கொண்டுவந்து கொட்டுகிற மணலைப் பெரிய இரும்புத் தகடு வைத்த வண்டியால் தள்ளி ஒதுக்குவதுதான் அவர் வேலை. பகலெல்லாம் இவர் தள்ளுவார். ராத்திரியெல்லாம் காற்று திருப்பிப் போடும். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காமல் அவர் ஓய்வு பெறும்வரை இப்படியே ஓட்டினார்கள். அம்மா போன பிறகும் அவர் அந்த வீட்டை விட்டு நகரவில்லை.

அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்ததில் தலை முதல் பூட்ஸ் வரை ஒரே சிவப்பு. அண்ணி கதவைத் திறந்தாள். "வாங்க மாமா" என்றாள். அடுத்த நொடி, "அப்படியே நில்லுங்க" என்றாள். பூட்ஸைக் கழற்றி வாங்கி, ஒன்றோடொன்று அடித்துத் தூசி தட்டினாள். கோட்டை வாங்கிக் கைப்பிடிச் சுவரில் போட்டு விளக்குமாற்றால் வெளுத்தாள். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தாள். காலுறையோடு படிக்கட்டில் நின்ற அப்பா, தன் கோட்டு அடிபடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று ஒரு வாய் சாப்பிட்டார், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், மறுநாள் காலையில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அவர் ஓய்வு பெற்று மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

அண்ணிக்கு அதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அண்ணன் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அழுதாள். போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாள். அப்பா, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். எங்கள் குடும்பத்தில் "ஒண்ணுமில்ல" என்றால் உயிருள்ளவரை மறக்க மாட்டேன் என்று அர்த்தம். எனக்கும் அந்தக் குணம் உண்டு, அதனால் எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை.

இந்த வருஷம் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வாழ்நாள் பூராவும் மண்ணுக்குள்ளேயே இருந்த நெஞ்சு, இனிமேல் அந்தக் காற்றில் தனியாக இருக்காதீர்கள், பிள்ளைகளிடம் போய்விடுங்கள் என்று அங்கே டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணன் கூப்பிட்டுப் பார்த்தான். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், கொஞ்சம் சண்டையும் போட்டேன். "பாத்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அதற்கும் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்.

"மாமாவ வாசல்ல நிறுத்தினது நான். நான் கூப்பிட்டாத்தான் வருவாரு" என்றாள் அண்ணி. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைத்தான் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுங்களேன்."

"சும்மா கூப்பிட்டா வரமாட்டாரு. உங்க குடும்பத்த எனக்குத் தெரியாதா? முதல்ல பேச்சு வளரணும்."

பேச்சு வளர்ப்பதற்கு அவள் கண்டுபிடித்த சாக்குதான் மண். ஆய்வுக்கூடத்தில் பாலைவனங்களின் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அப்பா இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு பிடி மண்கூட அதில் இல்லை. ஒளியைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டரம்மாதான் அண்ணிக்கு மேலதிகாரி. அண்ணி அவரிடம் போய், எங்கள் மாமா ஊர் மண் செக்கச்செவேல் என்று இருக்கும், வெளிச்சத்தை நன்றாகத் தின்னும், வரவழைக்கட்டுமா என்று கேட்டாள். தாராளமாக வரட்டும், ஆனால் மாதக் கடைசியில் தொட்டியைப் பிரித்துப் பழுதுபார்க்கப் போகிறார்கள், அதற்குள் அளந்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

அண்ணி அப்பாவுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, எங்க ஆபீசுக்கு உங்க ஊர் மண்ணு வேணும். உங்கள விட்டா அந்த இடம் வேற யாருக்குத் தெரியும்?"

அப்பா, "எந்த மண்ணும்மா?" என்றார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அது அவர் வண்டி ஓட்டின காலத்துக் குரல்.

"காத்து அடிச்சா முதல்ல கிளம்புமே, அந்த எடத்து மேல்மண்ணு."

"பழைய குவாரி வளைவு. அங்கதான் கிளம்பும். அனுப்பி வெக்கிறேன்."

பார்சல் வந்தது. இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். மேலே ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்து, பளபளவென்று தேய்த்து, அம்மா அவருக்குக் கொடுத்த கைக்குட்டைகளில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருந்தார். உள்ளே இருந்த மணல் வெளிர் ரோஜா நிறத்தில், சர்க்கரை மாதிரி மினுங்கியது. அண்ணி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் அங்க வந்தப்ப இதவிட செவப்பா இருந்துச்சே."

"கல்யாணப் புதுசுல எல்லாமே செவப்பாத்தான் இருக்கும் அண்ணி" என்றேன். முறைத்தாள்.

மறுநாள் அந்த மண்ணைக் குடுவையில் போட்டு உலுக்கினாள். புயல் எழும்பவே இல்லை. மணல் கலகலவென்று உருண்டு சத்தம் போட்டதே தவிர, மிதக்கிற பொடி ஒன்றும் பெரிதாக வரவில்லை. குடுவை உடைகிற அளவுக்கு வேகத்தைக் கூட்டிய பிறகு மெல்லிசாக ஏதோ கிளம்பித் தொட்டிக்குப் போனது. அதுவும் வெளிச்சத்தை ஒரு கவளம்கூடத் தின்னவில்லை. விளக்கு அந்தப் பக்கமும் அதே வெள்ளையாகத் தெரிந்தது. ஊரிலேயே பெரிய சாப்பாட்டுக்காரன் என்று சொல்லிக் கூட்டிவந்த ஆள், இலையின் முன் உட்கார்ந்து எதையும் தொடாமல் எழுந்தால் எப்படி இருக்கும்? அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

தொட்டிமேல் சந்தேகம் வந்தது. உள்ளே இறங்கி மறுபடி துடைத்தாள். விளக்கை மாற்றினாள். இரண்டாவது பாட்டிலைப் போட்டாள். அதே கதை. வீட்டுக்கு வந்து அலமாரி, ஜன்னல், கடிகாரத்தின் முதுகு என்று கையில் கிடைத்ததையெல்லாம் துடைத்தாள். அண்ணன் மொட்டை மாடிக்குத் தப்பித்துப் போனான்.

விஷயத்தைப் பிடித்தது டாக்டரம்மாதான். மணலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. மணி மணியா சுத்தமா இருக்கு. மேல களிமண் ஒட்டல, இரும்புப் பொடி ஒட்டல. வெறும் படிகமணல். மிதந்த பொடி எவ்வளவு பொடிசுன்னும் பாத்தேன், மத்த மண்ணுல மிதக்குற அதே பொடிசுதான். தாதுதான் வேற. இது காத்துல கிடந்த மண்ணு இல்ல, தண்ணியில கிடந்தது. ஆத்துப் படுகையில எடுத்தாரா உங்க மாமா?"

"அங்க ஆறே கிடையாது மேடம்."

"அப்போ மழை?"

"அதுவும் கிடையாது."

"அப்போ யாரோ ஓட விட்ட தண்ணிதான்" என்றார் டாக்டரம்மா. பிறகு கொஞ்சம் தயங்கி, மாதம் முடிகிறது, இந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டார். அண்ணி ஒரு வாரம் தவணை கேட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒலிபெருக்கியைப் போட்டாயிற்று. அண்ணி நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்தாள்.

"மாமா, அங்க மழை ஏதாவது பெஞ்சுதா?"

"மழையா? இங்கயா?" அப்பா சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "எதுக்கும்மா கேக்குற?"

"இல்ல, மண்ணு ரொம்பச் சுத்தமா இருந்துச்சு."

"இருக்காதா பின்ன?" அப்பாவின் குரலில் அப்படி ஒரு பெருமிதம். "நான் அலசியில்ல அனுப்பினேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலசினீங்களா?"

"ஆமாம்மா. அள்ளும்போது ஒரே அழுக்கு. கையெல்லாம் செவப்பா ஒட்டுது. உன் ஆபீசுல கண்ணாடி மாதிரி வெச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதுல போய் இந்த அழுக்கக் கொட்டினா உனக்குத்தான கெட்ட பேரு? வாளியில போட்டு, தண்ணி கலங்காம வர்ற வரைக்கும் அலசினேன். வெயில்ல காய வெச்சு, துணியில துடைச்சுத்தான் பாட்டில்ல போட்டேன்."

"அங்க தண்ணி லாரிதான மாமா வருது? அவ்வளவு தண்ணிக்கு எங்க போனீங்க?"

"குளிக்கிற தண்ணிதான். நான் எங்க போகப் போறேன், குளிச்சுட்டு?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். உலகத்தில் இத்தனை பாலைவனங்களிலிருந்து மண் வந்திருக்கிறது. முகப்பவுடர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, காலுறை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. குளித்துவிட்டு வந்தது எங்கள் ஊர் மண் மட்டும்தான். அளக்க வேண்டிய தூசியை எல்லாம் அழுக்கு என்று கழுவிவிட்டு, மிச்சமிருந்த மணலுக்குத் துண்டு கட்டி அனுப்பியிருக்கிறார்.

பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா ஏன் அலசினார் என்பது அவளுக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டிருந்தது. தான் மட்டுமில்லை, தன் ஊர் மண்ணும் இந்த மருமகள் வாசலில் அப்படியே உள்ளே வரமுடியாது என்று அவர் நினைத்திருக்கிறார். கோபத்தில்கூட இல்லை. அவளுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று, அன்பாக நினைத்திருக்கிறார்.

"மாமா," என்றாள் அண்ணி, "அலசின தண்ணிய என்ன பண்ணீங்க?"

"பின்னால சிமெண்டுத் தொட்டியில ஊத்தி வெச்சேன், ஏதாவது செடிக்கு ஆகும்னு. செடியும் வெக்கல, தண்ணியும் வத்திப்போச்சு."

"தொட்டியில என்ன இருக்கு இப்போ?"

"என்ன இருக்கும், செவப்பா ஏடு கட்டி வெடிச்சுக் கிடக்கு. தேய்ச்சுக் கழுவணும்."

"கழுவாதீங்க" என்று அண்ணி எழுந்தே நின்றுவிட்டாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நானும் அண்ணனும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். "மாமா, அந்த அழுக்குதான் எனக்கு வேணும். அதுதான் காத்துல பறக்குறது. நீங்க அனுப்பினது வெறும் மணலு. நீங்க அழுக்குன்னு ஊத்தினீங்களே, அதுலதான் இரும்பு, களிமண்ணு எல்லாம் இருக்கு. அத அப்படியே பெயர்த்து எடுங்க. பாட்டிலும் வேணாம், பார்சலும் வேணாம். நீங்களே எடுத்துட்டு வாங்க."

"நானா? பாத்துச் சொல்றேம்மா."

அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். போச்சு என்று நானும் நினைத்தேன்.

"மாமா, அன்னைக்கு உங்கள வாசல்ல நிறுத்தினேன். கோட்ட வாங்கி அடிச்சேன். தப்பு மாமா."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா மண்ண ஏன் கழுவினீங்க?"

இருமல் சத்தம்கூட இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அண்ணன் போனை எடுக்கப் போனான். அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து, "பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிக்கிறேன்" என்று கேட்டது. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியே போனையும் துடைத்தாள். பழக்கதோஷம்.

அப்பா வந்த அன்று நான் கடைக்கு லீவு போட்டேன். இந்தக் காட்சியை விட்டுவிட்டுக் கண்ணாடி விற்க எனக்கென்ன தலையெழுத்தா? மணி அடித்தது. அண்ணி கதவைத் திறந்தாள். அப்பா பழைய கோட்டு, பழைய பூட்ஸ், தோளெல்லாம் சிவப்பு, கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். அண்ணியின் கையில் ஒரு பிரஷ் இருந்தது.

அப்பா அதைப் பார்த்தார். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். எதிர்வீட்டுக் கதவும் சொல்லி வைத்தது மாதிரி திறந்தது.

"அவுக்காதீங்க மாமா. அசையாம நில்லுங்க" என்றாள் அண்ணி. தரையில் ஒரு பெரிய வெள்ளைத்தாளை விரித்து அவரை அதன்மேல் நிறுத்தினாள். பிரஷ் ஆபீசிலிருந்து கொண்டுவந்தது, கன்னத்தில் தடவினால்கூடத் தெரியாத அளவு மெத்தென்றது. அதைக்கொண்டு தோளிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு பொடிகூடப் பறக்காமல், மெதுவாக ஒதுக்கி ஒதுக்கி ஒரு கண்ணாடிக் குப்பியில் சேர்த்தாள்.

"என்னம்மா பண்ணுற?"

"சேத்துக்கிறேன் மாமா. நீங்க பஸ்ஸுல வரும்போது காத்துல வந்து ஒட்டினது. கொஞ்சமும் சிந்தக் கூடாது."

அப்பா கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றார். அண்ணி மண்டியிட்டு அவருடைய பூட்ஸ் மடிப்பில் பிரஷை விட்டபோது அவர் முகம் என்னவோ போல் ஆயிற்று. பிறகு, "காலருக்குப் பின்னால பாரு, அங்க நிறைய இருக்கும்" என்றார். அப்புறம் கோட்டுப் பையை அவரே வெளியே இழுத்துக் கொட்டினார். கால்சட்டை மடிப்பைப் பிரித்துக் காட்டினார். எதிர்வீட்டு அம்மாளிடம், "ஆபீசுக்குத் தேவைப்படுதாம்" என்று விளக்கம் வேறு சொன்னார். இத்தனை வருஷம் கழித்து அந்த அம்மாளுக்கு ஒரு பதில் கிடைத்தது.

"பூட்ஸோட உள்ள வாங்க மாமா" என்றாள் அண்ணி. அப்பா வந்தார். வாசலிலிருந்து நாற்காலிவரை தரையில் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது. நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். அண்ணி அந்தத் தடத்தைப் பார்த்தாள், கையைப் பிசைந்தாள், தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். துடைக்கவில்லை. மருமகள்களில் தியாகம் செய்தவர்கள் பலர் இருக்கலாம். இதைவிடப் பெரிய தியாகத்தை நான் நேரில் பார்த்ததில்லை.

மறுநாள் டாக்டரம்மா அப்பாவையும் ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொன்னார். ஏட்டைப் பொடித்துக் குடுவையில் போட்டு அண்ணி உலுக்கியதும் தொட்டிக்குள் சிவப்பாகப் புகைந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்த விளக்கு மஞ்சளாகி, பழுப்பாகி, சாயங்கால வெயில் நிறத்துக்கு வந்தது. கருவி காட்டிய எண்ணைப் பார்த்து டாக்டரம்மா அண்ணியின் முதுகில் தட்டினார். இரும்பு இருக்கிற பங்கும் இல்லாத பங்கும் ஒரே மண்ணிலிருந்து இப்படித் தனித்தனியாக வந்து சேர்ந்தால், எந்தத் தாது வெளிச்சத்தைத் தின்கிறது என்று காட்ட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது, அலசின மண்ணைத் தூக்கிப் போட்டுவிடாதே என்றார். அப்புறம் அப்பாவிடம், பட்டியலுக்காக அலசாத மண்ணும் ஒரு பாட்டில் அந்தக் குவாரி வளைவிலிருந்தே வேண்டும், மறக்காமல் யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள் என்றார். அப்பாவின் பழைய டிரைவர் நண்பர் ஒருவர் அதை அந்த வாரமே அனுப்பினார். கழுவவில்லை என்று பாட்டில்மேல் எழுதியே அனுப்பினார்.

அப்பா ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தள்ளித் தள்ளி ஓரம் கட்டினத எல்லாம் நீ திரும்பக் கிளப்பிவிடுற" என்றார் அண்ணியிடம்.

"ஆமா மாமா. ஆனா இங்க வெளிய போகாம மூடக் கதவு இருக்கு."

வேலை முடிந்தது. மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்புவதாக அப்பா சொன்னார். காலையில் பூட்ஸைத் தேடினால் காணவில்லை. பால்கனியில் கொடியில் தலைகீழாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி சோப்புப் போட்டு, நாடாவை உருவி, உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

"இப்படி ஈரமா மாட்டிட்டு எப்படி மாமா போவீங்க? காயட்டும்" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

அப்பா பூட்ஸைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா, ஈரமாத்தான் இருக்கு" என்று போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த நாளும் ஈரமாக இருந்தது. அதற்கடுத்த நாளும். அண்ணி தினமும் கழுவுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவளிடம் கேட்டேன். "முதல் நாள் மட்டும்தான் கழுவினேன், சத்தியமா" என்றாள். வெயில் கொளுத்துகிற பால்கனியில் தோல் பூட்ஸ் எப்படி இத்தனை நாள் ஈரமாக இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

போன வாரம் நான் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தேன். பால்கனியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் குளியலறைக் குவளை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றினார், குலுக்கினார், கவிழ்த்தார். அடுத்ததை எடுத்தார். திரும்பியபோது நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"காஞ்சிருச்சான்னு பாத்தேன்" என்றார். "இன்னும் காயல."